வெள்ளிக்கிழமைச் சீட்டு

அத்தியாயம் 9

பதினோரு விநாடி. அவ்வளவுதான் அந்த வீடியோ.

நாகநாதன் சார் நாற்காலியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்குகிறார். பின்னால் கரும்பலகையில் பாதி எழுதிய செய்யுள். யாரோ ஒரு பிள்ளை அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம். போன வாரம் அது எங்கெங்கோ சுற்றி, கடைசியில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்ததை நாம் பார்த்தோம். எடுத்தது யார் என்று பள்ளிக்கூடமே தேடிக்கொண்டிருந்தது.

எடுத்தது பூவிழி. அது விண்ணரசி டீச்சருக்கு மட்டும் தெரியும். பூவிழியே எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவை விண்ணரசியிடம் ஒப்படைத்தபோது, “காதுக்குப் பஞ்சு வாங்கி வெச்சுக்குங்க டீச்சர்” என்று ஆசிரியர் அறையில் கேலி செய்தார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள். போர்டுப் பக்கம் திரும்பினால் பின்னால் சந்தை கூடிவிடும். விண்ணரசி கத்தவில்லை. முட்டி போடச் சொல்லவில்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடம், அந்த வாரம் தான் செய்த தப்பை ஒவ்வொருவரும் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். பெயர் போட்டு எழுத வேண்டும். எழுதியவருக்குத் தண்டனை கிடையாது. டீச்சரைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள். படித்ததும் டீச்சர் அதை எரித்துவிடுவாள்.

“டீச்சர் வீட்ல கேஸ் அடுப்புதான?” என்று கேட்டான் சமீர். கடைசி பெஞ்சில் கால் நீட்டி உட்காருகிறவன்.

“கொல்லையில வெந்நீர் அடுப்பு இருக்குடா. தென்ன மட்டையோட உன் சீட்டும் எரியும். போதுமா?”

வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அது டீச்சர் வகுப்பு ஆனது.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. விண்ணரசியின் கணவர் மிக்கேல்ராஜ் தேங்காய் லோடோடு காங்கேயம் போய் இரண்டு நாள் ஆகிறது. வீட்டில் அவளும், மகள் லின்சியும், அவர்களோடு தங்கியிருக்கும் விண்ணரசியின் தம்பி கிளாட்சனும்தான். மூன்று பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம். லின்சி அம்மாவின் வகுப்பிலேயே படித்தாள். கிளாட்சன் அங்கே தற்காலிக விளையாட்டு ஆசிரியர். அந்த வேலையைப் பேசி வாங்கிக் கொடுத்தவள் விண்ணரசி.

“லின்சி, டிபன் டப்பா எடுக்கல?”

“வேணாம்.”

“நேத்தும் வேணாம்னே. பூவிழிக்காவது எடுத்துட்டுப் போ. முட்டை அவிச்சிருக்கேன்.”

லின்சி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பதில் சொல்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கிளாட்சன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டிருந்தான். வழக்கமாக டி-ஷர்ட்டும் விசிலும்தான் அவன் உடுப்பு.

“என்னடா, பொண்ணு பாக்கப் போறியா?”

“ஹெச்.எம். வரச் சொன்னாங்கக்கா. டிஸ்ட்ரிக்ட் மீட் விஷயமா இருக்கும்.”

“காலைலயேவா?”

“ம்.” அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நான் முன்னாடி போறேன்.”

அவன் ஸ்கூட்டரில் போய் அரை மணி நேரம் கழித்து, கிளம்பும் நேரத்தில் விண்ணரசியின் போன் அடித்தது. தலைமையாசிரியை அனுசுயா.

“விண்ணரசி, வந்ததும் நேரா என் ரூமுக்கு வாங்க. கிளாஸுக்குப் போகாதீங்க.”

*

தலைமையாசிரியையின் மேசை மேல் பேனா ஸ்டாண்டின் கீழ் ஒரு சீட்டு இருந்தது. கால் பக்கத் தாள். ஓரம் கிழிசலாக.

விண்ணரசிக்குத் தூரத்திலிருந்தே அது எந்தச் சீட்டு என்று தெரிந்துவிட்டது. இருந்தாலும் கிட்டே போய்ப் படித்தாள்.

“நாகநாதன் சார் தூங்குனத வீடியோ எடுத்தது நான்தான் டீச்சர். அம்மா போனுல எடுத்தேன். அத்தை மகளுக்கு மட்டும்தான் அனுப்புனேன். இப்படி ஆகும்னு தெரியாது. ரொம்ப பயமா இருக்கு. மன்னிச்சிடுங்க. இப்படிக்கு, எஸ். பூவிழி.”

“பூவிழியோட அம்மாவ மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். டிசி குடுத்து அனுப்பிடலாம்னு இருக்கேன்” என்றார் அனுசுயா. அவர் கோபக்காரர் அல்ல. கோபத்தில் பேசாததால்தான் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

“இது உங்க கைக்கு எப்படி மேடம் வந்துச்சு?”

“யார் குடுத்தா என்ன? குடுத்திருக்க வேண்டியது நீங்க. வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தெரியும். இன்னைக்குப் புதன்.”

அறையின் மூலையில் நாகநாதன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே இருப்பதை விண்ணரசி அப்போதுதான் கவனித்தாள். ஏப்ரலோடு ஓய்வு பெறப்போகிறவர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். மதியம் ஆனால் கண் சொக்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“நேத்து பஸ் ஸ்டாப்புலகூடக் கேட்டேனேம்மா” என்றார் அவர். “‘யாருன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா’ன்னு. ‘தெரியல சார்’னியே.”

விண்ணரசி தலை குனிந்தாள்.

“எம் பேரன் அந்தப் படத்தப் போட்டுப் போட்டுப் பாத்துச் சிரிக்கிறான். நானும் கூடச் சிரிச்சேன், வேற என்ன செய்ய? நீ தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கூட நின்னு டீ குடிச்சிருக்க.”

அவர் குரல் உயரவே இல்லை. விண்ணரசிக்கு அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வராந்தாவுக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எரிந்திருக்க வேண்டிய சீட்டு அது.

முதல் மூன்று வாரம் அவள் எரிக்கத்தான் செய்தாள். நான்காவது வாரம் ஒரு சீட்டு வந்தது. “நீங்க போர்டுப் பக்கம் திரும்புனப்ப நான் டான்ஸ் ஆடுனேன் டீச்சர். ஒருத்தரும் சிரிக்கல.” அடுப்பு முன்னால் உட்கார்ந்து விண்ணரசி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதை மட்டும் போட மனம் வரவில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் நாலு. பிறகு எதையுமே எரிக்கவில்லை. சீட்டெல்லாம் வீட்டுப் பீரோவுக்குள் இன்னொரு பிஸ்கட் டப்பாவில் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லோரும் தூங்கும் நேரத்தில் எடுத்துப் படிப்பாள். யாரும் அவளிடம் அவ்வளவு உண்மை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் “எரிச்சிட்டீங்களா டீச்சர்?” என்று யாராவது கேட்பார்கள். “சாம்பலாயிடுச்சு” என்பாள்.

*

ஒன்பது ‘பி’ வகுப்பை நெருங்கியபோது சத்தமே இல்லை. வேறு வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். “குட் மார்னிங்” யாரும் சொல்லவில்லை. பூவிழியின் இடம் காலியாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அந்தச் சீட்டைக் காட்டிக் கூட்டிப்போய், அவளை அலுவலக வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். வகுப்பு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது என்பது அந்தக் காலி இடத்தைச் சுற்றி இருந்தவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

டீச்சர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பெயரை வகுப்புத் தலைவி போர்டில் எழுதி வைப்பது வழக்கம். அடங்காதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவார்கள். விண்ணரசி தன் வகுப்பில் அதை ஜூன் மாதமே நிறுத்திவிட்டாள்.

இன்று போர்டில் பழையபடி கோடு போட்டு, ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு எழுதியிருந்தது. கீழே ஒரே ஒரு பெயர்.

விண்ணரசி டீச்சர்.

பக்கத்தில் மூன்று நட்சத்திரம்.

“யார் எழுதுனது?”

வகுப்புத் தலைவி செம்மொழி எழுந்தாள். விரலில் சாக்பீஸ் தூள்.

“நான்தான் டீச்சர். பேர் போட்டுச் சொல்லணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க.”

“உக்காரு.”

செம்மொழி உட்காரவில்லை. “சாம்பலாயிடுச்சுன்னு சொன்னீங்க.”

விண்ணரசி புத்தகத்தைத் திறந்தாள். எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து சமீர் கேட்டான். “டீச்சர், என்னுதும் இருக்கா?”

“என்னுது டீச்சர்?” இது நடு வரிசை.

“அப்ப என்னுது?”

“ஆகஸ்ட்ல நான் ஒண்ணு எழுதினேனே, அது?”

ஒவ்வொரு பெஞ்சிலிருந்தும் குரல். கூச்சல் இல்லை. ஒருவர் முடித்ததும் இன்னொருவர். அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முறை வைத்து.

மூன்றாவது பெஞ்சில் லின்சி மட்டும் கேட்கவில்லை. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“பாடத்தப் பாப்போம்” என்றாள் விண்ணரசி.

தன் பெயரை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே கணக்கைப் போட்டாள். போர்டுப் பக்கம் திரும்பியிருந்த நேரமெல்லாம் பின்னால் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஐந்து மாதம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத அமைதி. அதில் நிற்க முடியாமல் மணி அடிப்பதற்கு முன்பே வெளியே வந்துவிட்டாள்.

*

மதிய இடைவேளையில் விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனாள். கிளாட்சன் வாலிபாலுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, அந்தச் சீட்ட ஹெச்.எம்.கிட்ட குடுத்தது நீதான?”

பம்ப் நின்றது.

“உட்காருக்கா.”

“நீதானன்னு கேட்டேன்.”

“நீ தெரிஞ்சுக்கிட்டே மறைச்சது பின்னாடி வெளிய வந்தா உன் வேலைக்கே ஆபத்துக்கா. உனக்காகத்தான்...”

“எனக்காகவா? அதுக்குத்தான் காலைல சட்டை தேச்சுப் போட்டுட்டு வந்தியா?”

கிளாட்சன் பந்தை மடியில் வைத்து உருட்டினான். “டிசம்பர்ல எனக்கு வேலை நீட்டிக்கணும். ‘உங்கக்கா கிளாஸ் பசங்கதான் எடுத்திருக்கணும், உனக்குத் தெரியாமலா இருக்கும்’னு ஹெச்.எம். கேட்டுட்டே இருந்தாங்க. நானும் இல்ல இல்லன்னுதான் சொல்லிட்டிருந்தேன்.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

“இந்த வேலைக்கு உன் பேர எழுதிக் குடுத்தது யாருடா?”

“நீதான். தினமும் யாராவது அத ஞாபகப்படுத்திட்டுத்தான் இருக்காங்க. ஸ்டாஃப் ரூம்ல எனக்குப் பேரே ‘விண்ணரசி தம்பி’தான். கிளாட்சன்னு ஒருத்தன் இருக்கான்னு இன்னைக்குத்தான் ஹெச்.எம். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க.”

அம்மா இறந்தபோது இவனுக்குப் பதினோரு வயது. விண்ணரசிதான் தலைவாரி அனுப்புவாள். அதையெல்லாம் இப்போது சொன்னால் அதுவும் ஞாபகப்படுத்துவதாகிவிடும். சொல்லவில்லை.

“பீரோவ எப்பத் தொறந்த?”

“நான் தொறக்கலக்கா. மாதாமேல சத்தியமா தொறக்கல.”

“பின்ன எப்படி வந்துச்சு? றெக்க மொளச்சா?”

கிளாட்சன் மைதானத்தைப் பார்த்தான்.

“லின்சிதான் எடுத்துட்டு வந்து குடுத்தா.”

*

சைக்கிள் ஸ்டாண்டில் லின்சி தனியாக நின்றுகொண்டிருந்தாள். அம்மா வருவதைப் பார்த்தும் நகரவில்லை.

“பீரோவத் தொறந்தியா?”

“ஸ்காலர்ஷிப் ஃபார்முக்கு ஆதார் ஜெராக்ஸ் தேடுனேன். திங்கக்கிழமை. டப்பா இருந்துச்சு.”

“இருந்தா? அது யாரோடதுன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும். எரிச்சிட்டேன்னு சொன்னியே, எப்படி இருக்குன்னு பாத்தேன்.”

“பூவிழி உன் சிநேகிதி லின்சி. கூட உக்காந்து சாப்பிடற பொண்ணு. அவ சீட்டக் கொண்டுபோய் மாமாகிட்ட குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

லின்சி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். கிராஃப் தாள். பிரிக்காமலேயே விண்ணரசிக்கு அடையாளம் தெரிந்தது. ஜூலை மாதச் சீட்டு.

“படிம்மா. நீ ஏற்கெனவே படிச்சதுதான்.”

“லின்சி...”

“சரி, நான் படிக்கிறேன். ‘லின்சிய எனக்கு அவ்வளவா புடிக்காது டீச்சர். டீச்சர் பொண்ணு கூட சேந்தா எல்லாரும் என்னைய மதிப்பாங்கன்னுதான் சேந்தேன். அவ கொண்டு வர்ற முட்டை நல்லா இருக்கு. அவகிட்ட உண்மையா இல்லாதது தப்பு. மன்னிச்சிடுங்க. எஸ். பூவிழி.’”

தாளைப் பார்க்காமலே ஒப்பித்தாள். ஒரு எழுத்தும் தவறவில்லை.

“ஜூலையிலேந்து உனக்குத் தெரியும்.”

“அவ ஒளிவுமறைவில்லாம எழுதியிருந்தா. அதான்...”

“ஜூலையிலேந்து தெரிஞ்சுக்கிட்டே தினமும் ரெண்டு டப்பா கட்டிக் குடுத்த. அவளுக்கும் முட்டை அவிச்ச. நான் அவளப் பத்திப் பேசுறப்பல்லாம் ‘ம், ம்’னு கேட்டுக்கிட்ட. என்னைய லூசுன்னு நெனச்சுக்கிட்டேதான கேட்ட?”

“அது அப்ப எழுதுனது. அப்புறம் மாறியிருக்கலாம்ல? உங்கூடப் பழகப் பழக...”

“மாறுச்சுன்னு எழுதுனாளா?”

லின்சி தாளை மடித்து பாக்ஸுக்குள் வைத்தாள்.

“எழுதல. எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சுட்டேன். என்னைய மன்னிக்கச் சொல்லி அவ உங்கிட்ட கேட்டிருக்கா. நீ மன்னிச்சும் விட்டிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?”

மணி அடித்தது. லின்சி பாக்ஸை மூடிக்கொண்டு நடந்தாள். பத்தடி போய்த் திரும்பி, “கிளாஸ்ல நான் உனக்கு லின்சி. உன் பொண்ணு இல்லன்னு நீதான சொல்லுவ? அப்படியே இருந்துக்கறேன்” என்றாள்.

*

மூன்று மணிக்கு ராஜம்மாள் வந்தாள். அதிராம்பட்டினம் பக்கத்துக் கரையிலிருந்து மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறவள். அன்னக்கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துத் துடைத்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். பின்னால் பூவிழி. காலையிலிருந்து அழுது முகம் உப்பியிருந்தது.

விஷயத்தைச் சொல்லிவிட்டு அனுசுயா “டிசி” என்றதும் ராஜம்மாள் மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அம்மா, அடிக்காதீங்க. இங்க அடிக்கல்லாம் கூடாது.”

“நீங்களும் அடிங்க பெரிய டீச்சர். கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க. டிசி மட்டும் வேணாம்.”

“சட்டப்படி அடிக்கக் கூடாதும்மா.”

“அடிக்கக் கூடாதுங்குற சட்டம் வெளிய தள்ளலாம்ங்குதா?”

அனுசுயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப நடு வருசத்துல அனுப்புனீங்கன்னா எந்தப் பள்ளிக்கூடத்துல எடுப்பாங்க? இவங்கப்பாவுக்கு இது போதும். ‘படிச்சுக் கிழிச்சது போதும், கருவாடு காய வைக்கட்டும்’பாரு. எங்க வீட்ல கையெழுத்துப் போடுற ஒரே ஆளு இதுதாங்க.”

விண்ணரசி முன்னால் வந்தாள். “மேடம், அந்தச் சீட்ட வெச்சு எதுவும் முடிவெடுக்காதீங்க. தண்டனை இல்லன்னு நான் குடுத்த வாக்க நம்பி எழுதினா. அவளாச் சொல்லலேன்னா நமக்குத் தெரியவே தெரியாது. தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க.”

“அது தனியா நடக்கும் விண்ணரசி” என்றார் அனுசுயா அமைதியாக.

ராஜம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. “இதாவே எழுதிக் குடுத்துச்சா? டீச்சரம்மா கேட்டா எழுதிக் குடுத்துச்சா?” விண்ணரசியை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க புள்ளைங்களுக்குப் போலீஸ் கேட்டாக்கூட வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் சொல்லி வளக்குறது. டீச்சரம்மா நல்லவங்கன்னு சொன்னுச்சே. நல்லவங்கன்னுச்சே!”

காலையில் போலவே மூலையில் உட்கார்ந்திருந்த நாகநாதன் சார் தொண்டையைக் கனைத்தார்.

“டிசி வேணாம் மேடம். படத்துல இருக்கறது நான்தான். நான் சொல்றேன், வேணாம்.”

ராஜம்மாள் கை கூப்பினாள்.

“ஆனா ஒண்ணு. ஒன்பது ‘பி’ய என்கிட்ட குடுங்க. ஏப்ரல் வரைக்கும் நான் பாத்துக்குறேன். டீச்சர் என்னோட ‘ஏ’ பிரிவ எடுத்துக்கட்டும். புள்ளைங்கள அடக்குறதுன்னா அதுங்க மனசுக்குள்ள பூந்து உக்காந்துக்கறதுன்னு இந்தம்மா நெனச்சிருக்கு.” அவர் விண்ணரசியைப் பார்க்காமல் சொன்னார். “எனக்குத் தூக்கம் வரும். ஆனா நான் பொய் சொன்னதில்ல.”

அனுசுயா கொஞ்சம் யோசித்தார். பிறகு பூவிழியிடம் திரும்பினார். “சார நீ வீடியோ எடுத்திருக்க. அவர் கிளாஸ்லயே உக்கார உனக்குச் சங்கடமா இருக்கும். வேணும்னா உன்னை ‘ஏ’ பிரிவுக்கு மாத்துறேன். விண்ணரசி டீச்சர்கூடவே போயிடலாம். என்ன சொல்ற?”

விண்ணரசி பூவிழியின் முகத்தையே பார்த்தாள். அந்த நாள் முழுவதும் அவள் எதிர்பார்த்த ஒரே நல்ல நொடி அதுதான்.

“சார் கிளாஸ்லயே இருக்கேன்” என்றாள் பூவிழி.

“ஏன் பூவிழி?” கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

பூவிழி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“சார் திட்டுவாரு. முட்டி போட வைப்பாரு. அது அன்னைக்கோட முடிஞ்சிடும் டீச்சர். நீங்க சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் வெச்சிருந்தீங்க.”

நாகநாதன் சார் மெதுவாக எழுந்து, “வாம்மா, கிளாஸுக்குப் போ” என்றார் பூவிழியிடம். ராஜம்மாள் மகளின் முதுகை, அடித்த இடத்தை, தடவிக்கொண்டே வெளியே போனாள்.

விண்ணரசியும் கிளம்பியபோது அனுசுயா கூப்பிட்டார். “மீதிச் சீட்டெல்லாம் எங்க?”

“வீட்ல.”

“நாளைக்குக் காலைல மொத்தமும் என் டேபிள்ல இருக்கணும். உங்கள விசாரிக்கிற கமிட்டிக்குக் குடுக்கணும்.”

*

வகுப்பை ஒப்படைத்து எழுதிக் கொடுப்பதற்குள் பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விண்ணரசி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் ஒரே முடிவுதான். கமிட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வேலை போனாலும் போகட்டும். இன்றே அடுப்பில் போட்டுவிட வேண்டும். கொடுத்த வாக்கை ஐந்து மாதம் கழித்தாவது காப்பாற்ற வேண்டும்.

பீரோ திறந்து கிடந்தது. கட்டில் மேல் பிஸ்கட் டப்பா. உள்ளே ஒன்றுமில்லை.

கொல்லைக்கு ஓடினாள். வெந்நீர் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. காகிதச் சாம்பல் இல்லை. லின்சியின் சைக்கிளும் இல்லை. போன் போட்டாள். உள்ளே லின்சியின் மேசையிலேயே போன் அடித்தது.

அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. செம்மொழியின் அம்மா.

“டீச்சர், ஒரு விஷயம் கேக்கணும். எம் பொண்ணு நாலு மாசமா டியூஷனுக்குப் போகாம ஊர் சுத்திட்டு இருந்தது உங்களுக்குத் தெரியுமாமே?”

“உங்களுக்கு யாரு...”

“உங்க லின்சிதான் இப்ப சைக்கிள்ல வந்தா. செம்மொழி எழுதுன சீட்டெல்லாம் ஒரு கட்டா வெச்சு, ‘இது உன்னுது, நீயே வெச்சுக்க’ன்னு குடுத்தா. செம்மொழி வாங்குறதுக்குள்ள அவங்கப்பா வாங்கிட்டாரு. உள்ள சத்தம் கேக்குதுல்ல? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா டீச்சர்? நாங்க யாரு, தெருவுல போறவங்களா?”

“லின்சி இருக்காளா அங்க?”

“போயிட்டா. எல்லார் வீட்டுக்கும் போறாளாம். திருப்பிக் குடுக்குறாளாம். அடுத்தது ஜெனித் வீட்டுக்குன்னு சொன்னா. கிழக்குத் தோப்புக்கு.”

விண்ணரசி போனைத் துண்டித்தாள்.

ஜெனித் முதல் பெஞ்சில் உட்காருகிறவள். வாய் திறக்காத பிள்ளை. காலைப் பாடவேளையிலேயே தூங்கி விழுவாள். செப்டம்பரில் அவள் எழுதியிருந்தாள்: “அப்பா குடிச்சிட்டு வந்தா அடிப்பாரு. அம்மா எங்களத் தோப்புல போய்ப் படுத்துக்கச் சொல்லும். விடியறவரைக்கும் கொசு. அதான் கிளாஸ்ல தூங்கிட்டேன். மன்னிச்சிடுங்க.”

மறுநாள் விண்ணரசி அவள் தலையைத் தடவி, “பரவால்ல, தூங்கு” என்றாள். அதைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தாளே.

கிழக்குத் தோப்பு நாலு கிலோமீட்டர். இந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆட்டோவை அனுப்பிவிட்டாள். ஊரில் அவளுக்காக உடனே வண்டி எடுத்து வரக்கூடியவன் ஒருவன்தான்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

“அக்கா! எங்கிட்டப் பேசமாட்டியோன்னு...”

“பேசறதுக்குக் கூப்பிடல. வண்டிய எடுத்துட்டு வா. ஜெனித் வீட்டுக்குப் போகணும். லின்சி அங்க போறா, கைல அந்தப் பொண்ணோட சீட்டு இருக்கு. அவங்கப்பா கையில அது கெடைக்கக் கூடாது.”

போனில் லாரி ஹாரன் கேட்டது.

“அக்கா, நான் கடைத்தெருவுலதான் இருக்கேன். அந்தாளு இப்பத்தான் பாட்டில வாங்கி இடுப்புல சொருகிட்டு, சைக்கிள் எடுத்துக்கிட்டு வீட்டப் பாக்கக் கெளம்பிப் போறாரு.”